கலையை நம்பியவருக்கு வழி சொல்வது யார்?
படைப்பாளிகளுக்கான தொழில் ஆலோசனை: பழைய விடைகளும் தீராத ஐயங்களும்

எழுத்து, இசை, நடிப்பு, ஓவியம் என ஏதாவது ஒன்றில் தேர்ந்தவர் அதைக்கொண்டே குடும்பம் நடத்த முடியுமா? முடியும் என்றால் அந்த வழியை இன்னொருவர் அவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? இரண்டும் பழைய கேள்விகள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதே தனித் தொழிலானது மட்டும் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில்தான். மேலை நாடுகளில் ‘கோச்’ என்று அறியப்படும் இந்த ஆலோசகர்கள், எப்போது வேலையை விடுவது, ஒரு வேலைக்கு எவ்வளவு கேட்பது, திரும்பி வந்த கையெழுத்துப் படியை என்ன செய்வது, எழுத முடியாமல் போகும் மாதங்களை எப்படிக் கடப்பது என்பவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசும் நேரத்துக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். எழுத்தாளர்களும் நடிகர்களும் நடனக் கலைஞர்களும் இவர்களை நாடுகிறார்கள்.

இதன் பயன் குறித்துக் கருத்துகள் பிளவுபட்டே இருக்கின்றன. கிடைக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வழிகாட்டல் பலித்த இடங்களில் பெரும்பாலும் இரண்டு நிலைமைகள் சேர்ந்திருந்தன: சொன்னவருக்கு அந்த வழி நேரில் தெரிந்திருந்தது, வழியின் முடிவில் கொடுக்க ஒரு கை இருந்தது. இவ்விரண்டும் இல்லாத ஆலோசனை, கேட்பவரின் மனத்தை மட்டுமே தொட முடிகிறது. அது அற்பமான காரியம் இல்லை. போதுமானதா என்பதுதான் விவாதம்.

பெற்றவர் பெறாதவருக்குச் சொன்னது

தமிழில் இந்தக் கேள்விக்கு இலக்கிய வகை ஒன்றே பிறந்தது. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் கலைஞரை அவனிடம் போகச் சொல்லும் ஆற்றுப்படைக்குத் தொல்காப்பியம் இலக்கணம் வகுக்கிறது. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை பக்தரை இறைவனிடம் அனுப்புவது. மற்ற நான்கும் பொருநர், பாணர், கூத்தர் ஆகியோரின் பிழைப்பைப் பற்றியவை.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, பரிசு பெறுவதற்கு முந்தைய நிலையை ஒளிக்காமல் காட்டுகிறது. பாணன் வீட்டு அடுக்களையில் ஈன்ற நாய் பாலில்லாமல் கிடக்கிறது. கண் திறக்காத குட்டிகளை அதனால் பொறுக்க முடியவில்லை. இடிந்த சுவரில் காளான் பூத்திருக்கிறது. மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். வறுமையில் மானம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்த ஒருவர்தான் அந்தக் கதவை எழுதியிருக்க முடியும்.

மலைபடுகடாம் வழியைச் சொல்வதில் இன்னும் நுணுக்கமானது. 583 அடி கொண்ட அந்தப் பாட்டு, இன்றைய செங்கம் எனக் கருதப்படும் செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் கூத்தரை அனுப்புகிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எந்தப் பக்கம் வரும், எந்தப் பாறை வழுக்கும், பாம்பு இருக்கும் இடத்தை எப்படிக் கடப்பது, வழியில் யார் வீட்டில் என்ன உணவு கிடைக்கும், அங்கே யாருடைய கலைஞர் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பவை வரை வருகின்றன. ‘தன்னம்பிக்கையோடு போ’ என்ற அளவில் நிற்கும் அறிவுரைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

இந்த மரபின் பலவீனங்களும் வெளிப்படையானவை. இப்பாட்டுகள் வள்ளலின் புகழைப் பாடவே எழுந்தவை. போய் ஏமாந்து திரும்பிய பாணரின் சாட்சியம் ஆற்றுப்படைக்குள் இடம்பெறாது. அந்தச் சாட்சியத்துக்குப் புறநானூற்றுக்குத்தான் போக வேண்டும். தன்னை நேரில் பார்க்காமலேயே வள்ளல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசைப் புலவர் பெருஞ்சித்திரனார் மறுத்தார். விலைக்குப் பாடுகிறவனாகத் தன்னை நினைத்துவிட்டானோ என்பது அவருடைய வருத்தம். வருமானம் கிடைத்தாலே தொழில் சிறந்துவிட்டதாகாது என்ற எதிர்நிலை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆசிரியர் வழியாகக் கிடைத்த வேலை

19ஆம் நூற்றாண்டில் புலவருக்கு மடங்களும் ஜமீன்களும் ஆதரவாக இருந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எண்ணற்ற தலபுராணங்களைப் பாடியும் கடனிலிருந்து மீளாமலேயே 1876இல் மறைந்தார். அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அங்கே பணியாற்றிய தியாகராச செட்டியாரும் பிள்ளையின் மாணவரே. ஓய்வு பெறும் நேரத்தில் தம் இடத்துக்குச் சாமிநாதையரைக் கொண்டுவர அவரே முயன்று, திருவாவடுதுறை மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் இசைவைப் பெற்று, கல்லூரியில் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் சொல்லிக்கொடுத்தார்.

நான் அறிந்தவரை தமிழில் பதிவான தொழில் வழிகாட்டல்களில் இதுவே மிக முழுமையானது. மடத்தைச் சார்ந்த புலமை குறுகிக்கொண்டிருந்த காலத்தில், மாதச் சம்பளம் தரும் புதிய அமைப்பு ஒன்றுக்குள் ஒருவரைக் கைபிடித்து அழைத்துப்போன செயல் அது. சாமிநாதையரின் பதிப்பு வேலைக்கு வேண்டிய பொருளாதார ஆதாரத்தில் ஒரு பகுதி அந்தச் சம்பளத்திலிருந்து வந்தது. ஆனாலும் இவ்வகை வழிகாட்டல், உறவு வட்டத்துக்கு உள்ளே இருப்பவருக்கே எட்டும். ஆசிரியரிடம் சேர முடியாத சாதியினருக்கும், பாடம் கேட்கப் போக முடியாத பெண்களுக்கும் அந்த வாயில் இருப்பதே தெரிந்திருக்காது. கட்டணம் வாங்கும் ஆலோசகரை ஆதரிப்போர் இந்த இடத்தைத்தான் சுட்டுகிறார்கள்: யாருக்கும் தெரியாதவரும் காசு கொடுத்தால் வந்து கேட்கலாமே என்கிறார்கள். எடைபோட வேண்டிய வாதம் இது.

உள்ளே பார் என்ற விடை

ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே, இராணுவப் பள்ளி மாணவரான பிரான்ஸ் சேவர் கப்பூஸுக்கு 1903 முதல் 1908 வரை எழுதிய பத்துக் கடிதங்கள் 1929இல் நூலாயின. இளம் எழுத்தாளருக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளில் இவ்வளவு படிக்கப்பட்டவை குறைவு. பத்திரிகைகளையோ பிறர் தீர்ப்பையோ தேடாதே, எழுதாமல் இருக்க முடியுமா என்று உன்னையே கேள் என்பது அதன் சாரம். எழுதுவதற்கான நியாயத்தைச் சந்தையிலிருந்து எடுத்து எழுதுபவரின் கையில் தருவதால் அந்தச் சொல்லுக்கு இன்றும் வலிமை இருக்கிறது.

பிழைப்பைப் பற்றி அது பேசாததையும் சொல்லவேண்டும். ரில்கேயைத் தாங்கப் புரவலர்கள் இருந்தார்கள். டுயினோ கோட்டையில் அவரைத் தங்கவைத்தவர் ஓர் இளவரசி. கப்பூஸுக்கு அப்படி யாரும் இல்லை. அவர் பத்திரிகையாளராகவும் வெகுசன நாவலாசிரியராகவும் ஆனார். ரில்கே எச்சரித்த பக்கத்துக்கே வாழ்க்கை தம்மைத் தள்ளியதாக முன்னுரையில் அவரே குறிப்பிட்டார். அறிவுரை தவறு என்று இதைக்கொண்டு முடிவுகட்ட வேண்டியதில்லை. சொன்னவரின் நிலைமையும் கேட்டவரின் நிலைமையும் வேறாக இருந்தன என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

இந்தப் போக்கு பின்னர் பயிற்சி வடிவம் பெற்றது. டோரத்தியா பிராண்ட் 1934இல் எழுதிய நூல், விழித்தவுடன் எழுதும் பழக்கத்தை வலியுறுத்தியது. ஜூலியா கேமரன் 1992இல் வெளியிட்ட 12 வாரப் பயிற்சி நூல், தினமும் காலையில் மூன்று பக்கம் கையால் எழுதச் சொன்னது. அந்நூலை ஒட்டிக் குழுக்கள் தோன்றின. எழுத்து தடைபட்டவர்கள் பலர் இதனால் மீண்டதாகச் சொல்கிறார்கள். அதை மறுக்கக் காரணமில்லை. ஆனால் எழுதத் தொடங்குவது வேறு, எழுதியதற்குச் சன்மானம் கிடைப்பது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் விற்பது குழப்பத்துக்கு இடமளிக்கிறது.

வேறு வேலை பார்த்துக்கொள்

‘முதலில் ஒரு வேலையைத் தேடிக்கொள், எழுத்தைப் பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. உலகமெங்கும் எழுத்தாளர்கள் அதிகம் கைக்கொண்ட விடையும் இதுதான். காஃப்கா தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்திலும், டி.எஸ்.எலியட் 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியிலும் இருந்தார்கள். எலியட்டை விடுவிக்க எஸ்ரா பவுண்ட் 1922இல் நண்பர்களிடம் சந்தா திரட்ட முனைந்தபோது அது எலியட்டுக்கே சங்கடமாகிப்போனது.

தமிழில் பட்டியல் நீளும். லா.ச.ராமாமிர்தம் வங்கியில், தி.ஜானகிராமன் வானொலியில், சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில், சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை, பூமணி கூட்டுறவுத் துறையில். 1966இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டு எழுத்தையே நம்பிய அசோகமித்திரன் விதிவிலக்கு. அதன் விலை என்ன என்பதை அவருடைய கட்டுரைகளைப் படித்தவர்கள் அறிவார்கள்.

ஆஸ்திரேலியப் பொருளியலாளர் டேவிட் திராஸ்பி 1990களில் இதை ஒரு கோட்பாடாக்கினார். சாதாரணத் தொழிலாளி கூலி கூடினால் அதிக நேரம் உழைக்கக்கூடும். கலைஞரோ பிற வேலையில் கூலி கூடினால் அந்த வேலையைக் குறைத்து மிச்ச நேரத்தைக் கலைக்குத் தருகிறார் என்றார். இது உண்மையானால், வருமானத்தைப் பெருக்குவதையே இலக்காகக் கொள்ளும் வழக்கமான தொழில் ஆலோசனை கலைஞரைத் தவறாகவே புரிந்துகொள்கிறது. அவர் தேடுவது நேரம். வர்ஜினியா உல்ஃப் 1929இல் கேட்ட ஆண்டுக்கு 500 பவுண்டும் தனி அறையும் அதையே குறித்தன.

அந்த அறை என்ற இடத்தில்தான் ‘வேறு வேலை’ விடை தடுமாறுகிறது. அலுவலகம் முடிந்து வந்தவருக்கு மாலை நேரம் ஓய்வாகக் கிடைப்பது, வீட்டு வேலையை வேறொருவர் செய்வதால்தான். அலுவலகமும் அடுப்படியும் ஒன்றாகச் சுமக்கும் பெண்ணுக்கு இந்த யோசனை மூன்றாவது சுமையைத்தான் சேர்க்கிறது. பின்னாளில் ஓய்வூதியம் என்ற பாதுகாப்பு பலருக்கு இல்லை. 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ராஜம் கிருஷ்ணனுக்கு முதுமையில் ஆதரவின்றிப் பிறர் பராமரிப்பில் வாழ நேர்ந்தது. அவர் உயிருடன் இருக்கும்போதே 2009இல் அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமையாக்கியது. படைப்பாளிக்கான ஆலோசனை நூல்கள் எதைப் புரட்டினாலும் தொடக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். எழுபது வயதைப் பற்றி அநேகமாக ஒன்றும் இருக்காது.

ஆலோசனை ஒரு துறையான கதை

நவீனத் தொழில் வழிகாட்டலின் தொடக்கமாக 1908இல் பாஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ் நிறுவிய அலுவலகத்தைச் சொல்வார்கள். தன்னை அறிதல், வேலைகளை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்பது அவர் முறை. 1959இல் ஜான் ஹாலண்ட் மனிதரையும் வேலைகளையும் ஆறு வகையாகப் பிரித்தபோது ‘கலை நாட்டம்’ ஒரு வகையாயிற்று. இன்றும் கல்லூரிகளில் தரப்படும் வினாத்தாள்களில் அதன் சாயல் உண்டு. ஒருவர் கலை நாட்டமுள்ளவர் என்று கண்டுபிடிப்பது எளிது. அவர் போய்ச் சேர ஒரு காலியிடம் இருக்கிறதா என்பதைப் பொருத்தம் பார்க்கும் முறை சொல்வதில்லை. கணக்காளருக்கு அது ஓரளவு பொருந்தும், கவிஞருக்குப் பொருந்தாது.

கட்டணம் வாங்கும் ‘கோச்சிங்’ 1990களில் அமைப்பாகத் திரண்டது. சர்வதேசக் கூட்டமைப்பு 1995இல் தோன்றியது. கோச்சிங்கின் பயனை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வேலைத்திறன், மனநலம், இலக்கை நோக்கிச் செயல்படுதல் ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிவதாகச் சொன்னது. ஆனால் அது நிறுவனங்களில் வேலை செய்வோரைப் பற்றியது. அங்கே சம்பளமும் மேலதிகாரியும் பதவி உயர்வும் இருக்கின்றன. அந்த முடிவை, அடுத்த காசோலை எப்போது வரும் என்று தெரியாத நாவலாசிரியருக்கு நேராகப் பொருத்துவது அவசரம்.

இன்னொரு சோதனை ஆலோசகர்களை எச்சரிக்கக்கூடியது. உளவியலாளர் தெரசா அமபிலே 1985இல் 72 இளம் எழுத்தாளர்களைக் குறுங்கவிதை எழுதச் செய்தார். முதலில் பனி பற்றி, பிறகு சிரிப்பு பற்றி. இரண்டுக்கும் இடையில் ஒரு குழுவுக்கு எழுத்தின் இன்பம் சார்ந்த காரணங்களைத் தந்து வரிசைப்படுத்தச் சொன்னார்; இன்னொரு குழுவுக்குப் பணம், புகழ் போன்ற காரணங்களை. கவிஞர்களே நடுவர்கள். பணத்தையும் புகழையும் வரிசைப்படுத்தியவர்களின் இரண்டாம் கவிதை தரம் இறங்கியதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். சில நிமிடச் சிந்தனையே இவ்வளவு செய்யுமானால், மாதக்கணக்கில் இலக்கு, விற்பனை, பிராண்ட் என்று பேசுவது என்ன செய்யும்?

அதற்காக முடிவுக்குத் தாவவும் கூடாது. சில நிமிடங்களின் விளைவு வாழ்நாள் விளைவாகாது. வெகுமதி எப்போதும் படைப்பாற்றலைக் கெடுக்கும் என்பதை இராபர்ட் ஐசன்பர்கர் போன்றோர் மறுத்தார்கள். அமபிலேயும் பின்னர், எழுதுபவரின் சுதந்திரத்தைக் குலைக்காத வெளித்தூண்டல்கள் உதவக்கூடும் என்று தம் கருத்தைத் தளர்த்தினார்.

பணத்தோடு சேர்ந்து வந்த ஆலோசனை

என் பார்வையில் மிக அதிகம் கற்றுத்தருவது இந்தப் பகுதி. நெதர்லாந்தில் 1999இல் வந்த கலைஞர் வருமானச் சட்டம், அதிகபட்சம் நான்கு ஆண்டுகளுக்கு அடிப்படை வருமானம் தந்து, கூடவே தொழில் பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் ஏற்பாடு செய்தது. பின்னர் திருத்தப்பட்டபோது, சொந்தச் சம்பாத்தியம் ஆண்டுதோறும் கூடிவர வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. 2012இல் அத்திட்டம் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் கூட்டாட்சிக் கலை நிதியம் 1990களின் நடுவில் இலக்கியம் நீங்கலாகத் தனிக்கலைஞர் உதவித்தொகைகளைக் கைவிட்ட பின், 1999இல் நியூயார்க்கில் ‘கிரியேட்டிவ் கேப்பிடல்’ தோன்றி, நிதியோடு ஆலோசனையையும் சேர்த்து வழங்கியது.

நடனக் கலைஞர்களின் நிலை தனி. பாலே ஆடுபவரின் உடல் பெரும்பாலும் முப்பதுகளிலேயே ஓய்வு கேட்கும். அவர்களுக்கான மறுவாழ்வு அமைப்பு 1985இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஆலோசனையோடு படிப்புக்கு உதவித்தொகையும் தந்தது. ஆலோசனை இங்கே ஓரளவு எடுபட்டதற்குக் காரணம் கண்டுகொள்ளக்கூடியது: பிரச்சினை தெளிவானது, நேரம் முன்கூட்டியே தெரியும், அடுத்த படிப்புக்குப் பணம் இருக்கிறது.

இவற்றுக்கு எதிர்க்கருத்தும் உண்டு. ஓவியரும் பொருளியலாளருமான ஹான்ஸ் அப்பிங் 2002இல் எழுதிய நூலில், உதவி பெருகப் பெருகக் கலைக்குள் வருவோர் தொகை பெருகி ஏழைக் கலைஞர்களே அதிகமாகிறார்கள் என்று வாதிட்டார். அயர்லாந்தின் சோதனை இதைப் பரிசோதிக்க ஒரு வாய்ப்பைத் தந்தது. 2022இல் 2,000 கலைஞர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வாரம் 325 யூரோ கொடுத்தார்கள். பணம் பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட்டார்கள். பெற்றவர்கள் கலைக்கு அதிக நேரம் தந்தார்கள், மனச்சோர்வு குறைந்தது. அவர்களுக்கு யாரும் இலக்கு வகுத்துத் தரவில்லை.

தமிழ்ச் சூழலில்

1920இல் கடையத்திலிருந்து பாரதி ஒரு திட்டம் போட்டார். தம் எழுத்துகளை 40 தொகுதிகளாக, ஒவ்வொன்றும் 10,000 படி அச்சிட வேண்டும் என்று கணக்கிட்டு நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். தம் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது, வாசகரைப் பற்றிய கனவு இருந்தது, கணக்கும் இருந்தது. ஆலோசகர் ஒருவர் கற்றுத்தரக்கூடியவை அத்தனையும் அவரிடம் இருந்தன. முதல் போடுவோர் இல்லை. சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தவர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

புதுமைப்பித்தன் பத்திரிகையிலிருந்து சினிமாவுக்குப் போனார். சொந்தப் படக் கம்பெனிகூடத் தொடங்கினார். 42 வயதில் காசநோய்க்குப் பலியானார். திறமையைப் பற்றியோ முயற்சியைப் பற்றியோ பேசி இந்த இரண்டு வாழ்க்கைகளையும் விளக்கிவிட முடியாது.

இன்றைய கணக்கு எளிது. 200 ரூபாய் விலையுள்ள நூலுக்கு வழக்கமான 10 சதவீத ராயல்டி. 300 படி விற்றால் 6,000 ரூபாய். ஒரு நாவலுக்கு மூன்று ஆண்டு உழைத்தவருக்கு அது. நூலக ஆணை கிடைத்தால் சற்றுக் கூடும். ஆங்கிலச் சந்தையும் சுகமாக இல்லை: பிரிட்டனில் முதன்மைத் தொழிலாக எழுதுவோரின் இடைநிலை ஆண்டு வருமானம் 2006இல் 12,330 பவுண்டாக இருந்தது, 2022 கணக்கெடுப்பில் 7,000 பவுண்டுக்கு இறங்கியது.

சினிமாவில் மட்டும் வேறொரு காட்சி. கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்து, பேட்டாவுக்கு வேலை பார்த்து, பல ஆண்டு காத்திருப்பதுதான் நெடுங்கால வழி. அறை வாடகையைச் சமாளிக்க முடிந்தவரே அதில் தாக்குப்பிடித்தார். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி, அந்த வரிசையைத் தாண்டிப் போக வழி திறந்தது. கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன், நலன் குமரசாமி ஆகியோர் அதில் பங்கேற்று 2012, 2013இல் முதல் படங்களைத் தந்தார்கள். அந்தப் போட்டி அவர்கள் எடுத்ததைத் தயாரிப்பாளரின் கண்ணில் பட வைத்தது. இலக்கியத்துக்கு அதற்கு இணையான ஏற்பாடு தமிழில் இல்லை. விருதுகள் இருக்கின்றன, அவை பெரும்பாலும் எழுதி முடித்தவருக்கு வருபவை.

தீராதவை

எது வெற்றி என்பதிலேயே உடன்பாடு இல்லை. வருமானம் கூடினால் வெற்றியா, எழுதுவது நிற்காமல் இருந்தாலா, கலையை விட்டு மனக்கசப்பின்றி வேறு வேலைக்குப் போனாலா? மூன்றும் வெவ்வேறு ஆலோசனைகளைக் கேட்கின்றன. ‘இதை விட்டுவிடுங்கள்’ என்று சொல்வது சிலருக்குச் செய்யும் பெரிய உதவியாக இருக்கலாம்; கேட்பவர் தொடர்ந்து வந்தால்தான் தமக்குக் கட்டணம் என்ற நிலையில் இருப்பவருக்கு அந்தச் சொல் எளிதில் வராது. பயனடைந்தவர்களின் சாட்சியங்களே அதிகம் கிடைக்கின்றன, பயனடையாதவர்கள் எழுதுவதில்லை. அயர்லாந்து பணத்துக்குச் செய்தது போன்ற குலுக்கல் முறை ஒப்பீட்டை ஆலோசனைக்கும் செய்தால், பணம், ஆலோசனை, இரண்டும் சேர்ந்தது என மூன்று குழுக்களாகப் பிரித்துப் பார்க்க முடியும். அதுவரை எந்தத் தரப்பும் உறுதியாகப் பேசுவதற்கில்லை.

தமிழுக்கு இதைவிட அடிப்படையான தேவை ஒன்று இருக்கிறது. எத்தனை படி அச்சானது, எத்தனை விற்றது, ராயல்டி கைக்கு வந்ததா என்ற கணக்கே பல எழுத்தாளர்களுக்கு ஒழுங்காகக் கிடைப்பதில்லை, கேட்கவும் தயங்குகிறார்கள். மொழிபெயர்ப்புக்கு ஒரு பக்கத்துக்கு என்ன கூலி, வசனம் எழுத முன்பணம் எவ்வளவு, ஒப்பந்தத்தில் எந்த உரிமையைக் கொடுக்கக் கூடாது என்பவை வாய்மொழியாகவே, தெரிந்தவர்களுக்கு இடையிலேயே உலவுகின்றன. இவற்றைத் திரட்டி ஆண்டுதோறும் வெளியிடும் வேலையை எழுத்தாளர் சங்கங்களோ பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளோ எடுத்துக்கொள்ள முடியும். முதல் நாவலை முடித்துவிட்டு வேலையை விடலாமா என்று யோசிக்கும் ஒருவருக்கு, அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் யார் சொல்லும் யோசனையும் ஊகமாகவே இருக்கும்.